இரவல் முறை

மார்கழி பிறந்து பத்து நாள். வெள்ளிக்கிழமை. அணைத் தண்ணீரின்மேல் மூடுபனி ஆளுயரத்துக்கு நின்றது. ராஜப்பன் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, பரிசலில் மண்டியிட்டு, துடுப்பை முன்னால் போட்டுப் போட்டு இழுத்தான். கரையிலிருந்து எண்பது துடுப்பு. அதற்குமேல் எண்ணிக்கை உதவாது, கண் வேண்டும். கிழக்குக் கரையில் இருக்கும் ஒற்றைப் பனையும், அதற்குப் பின்னால் பாறைக் கரட்டில் இருக்கும் வெடிப்பும் ஒரே கோட்டில் வரவேண்டும். பனியில் இரண்டுமே தெரியவில்லை. துடுப்பைத் தொடைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். விரல்கள் மரத்துப்போய் யாரோ இரவல் கொடுத்த விரல்கள் மாதிரி இருந்தன.

வெயில் சிறிது ஏறியதும் பனையின் தலை தெரிந்தது. பிறகு வெடிப்பு. நாலு துடுப்பு பின்னால் தள்ளினான். சுருக்குப் போட்ட கயிற்றைத் தண்ணீருக்குள் விட்டு அளைந்தான். ஒரு முழத்துக்குக் கீழே சுருக்கு எதிலோ மாட்டியது. இழுத்துப் பார்த்தான். பரிசல் நின்றது.

மாட்டியது அவனுடைய கிணற்றின் கவலைக் கல். மாடு கட்டி இறைத்த காலத்தில் உருளை மாட்டுவதற்காகக் கிணற்று வாயில் நட்ட இரண்டு கல் தூண்களில் ஒன்று. கல்லுக்குக் கீழே கிணறு இருந்தது. கிணற்று வாய்க்குமேல் இப்போது ஒன்றரை ஆள் தண்ணீர்.

அணை கட்டினபோது அவன் ஊர் தொட்டிப்பள்ளம் முழுக்க உள்ளே போய்விட்டது. அளந்தார்கள், எழுதினார்கள், கைநாட்டு வாங்கினார்கள், தண்ணீர் வந்தது. முப்பது வீட்டுக்காரர்களும் சட்டிபானையோடு மேட்டுக்கு ஏறிக் குடிசை போட்டுக்கொண்டார்கள். பாதிப்பேர் கூலிக்குப் போனார்கள். ராஜப்பனுக்குக் கூலி வேலை ஒத்துவரவில்லை. பெண்ணையாற்றுத் துறையில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பரிசல் ஒன்று சும்மா கிடந்தது. அவனும் அவன் சித்தப்பா மகன் முனிவேலும் ஆளுக்குப் பாதி போட்டு அதை வாங்கினார்கள்.

முதல் குளிர்காலத்தில் தூண்டில் போட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. குளிரில் விரால் இரையைத் துரத்தாது. எங்கேயாவது கதகதப்பான இடமாகப் பார்த்து ஒடுங்கிக் கிடக்கும். அந்த இடம் எதுவாக இருக்கும் என்று யோசித்த ராஜப்பனுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. மார்கழியில் விடியற்காலை இறைக்கும்போது கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், தண்ணீர் மொள்ளும் சாலிலிருந்து ஆவி பறக்கும். ஊற்று இன்னும் உள்ளேதானே இருக்கிறது? போய்ப் பார்த்தான். அந்தப் பக்கத்து விரால் எல்லாம் அவன் கிணற்றுக்குள் இருந்தது.

அவன் கிணறு என்பது சரியில்லை. பங்குக் கிணறு. அவன் அப்பனும் முனிவேலின் அப்பனும் சேர்ந்து வெட்டியது. திங்கள், புதன், வெள்ளி ராஜப்பன் வீட்டு முறை. செவ்வாய், வியாழன், சனி முனிவேல் வீட்டு முறை. ஞாயிறு ஊற்று சுரக்க விட்டுவிடுவார்கள். முறை முடிந்தவன் சாலைக் கழுவிக் கவலைக் கல்லின் அடியில் கவிழ்த்து வைப்பான். கவிழ்ந்திருந்தால் அடுத்தவன் இறைக்கலாம் என்று அர்த்தம்.

ராஜப்பன் நேராக முனிவேலிடம் போய்ச் சொல்லிவிட்டான். கிணறு கிடைத்துவிட்டது, மீன் இருக்கிறது, இந்தப் பனையைப் பார், அந்த வெடிப்பைப் பார், திங்கள் புதன் வெள்ளி எனக்கு, மற்றது உனக்கு. சாலுக்குப் பதில் பரிசல். பிடித்து முடித்தவன் கரையில் கவிழ்த்துத் துடுப்பை அடியில் வைத்துவிட்டு வரவேண்டும்.

“தண்ணிக்குள்ள போன கெணத்துக்கு முறை வெச்ச மனுசன் சீமையிலயே நீங்க ஒருத்தர்தான்” என்று அவன் பெண்டாட்டி பூவம்மாள் சொன்னாள்.

“பங்குக் கெணறு. மேல தண்ணி நின்னா பங்கு போயிடுமா?”

“உங்களுக்காத் தெரிஞ்சுது. அவனுக்குத் தெரியாது. வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?”

ஊருக்கும் இது தெரிந்துபோயிற்று. திங்கட்கிழமை பரிசலில் போகிறவன் ராஜப்பன் என்று குடிசைக் குழந்தைகூடச் சொல்லும்.

அன்று வெள்ளிக்கிழமை அவன் பிள்ளைப்பூச்சியை முள்ளில் குத்தி, நூலைக் கிணற்றின் தெற்குச் சுவர் ஓரமாக மெதுவாக இறக்கினான். படிக்கல் நீட்டிக்கொண்டிருக்கும் இடம் அது. ஆட்டக்கூடாது, இழுக்கக்கூடாது. நூலை ஆள்காட்டி விரல்மேல் போட்டுக்கொண்டு கல்லாக உட்காரவேண்டும். வெயில் காலத்தில் விரால் அடிக்கும் அடியில் கை ஒடியும். குளிரில் அப்படி இல்லை, நூல் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். மரத்துப்போன விரலுக்கு அது தெரிய வேண்டும். அதற்காகவே அடிக்கடி விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டான். நடுவில் ஒன்று மூச்சுக்காக மேலே வந்து, பளக்கென்று வாய் திறந்து, கறுப்பு முதுகைக் காட்டிவிட்டுக் கீழே போயிற்று. முழங்கை நீளம் இருக்கும். இரண்டு பிடித்ததும் போதும் என்று நூலைச் சுற்றினான்.

கரையில் முனிவேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பீடி குடித்தபடி நின்றிருந்தான்.

“எத்தினிண்ணா?”

“ரெண்டு.”

“மூணு மணி நேரத்துக்கு ரெண்டா? நீ தூண்டி போடறியா, உள்ள எறங்கி அதுங்களுக்குக் கத சொல்லிட்டு வர்றியா?”

“கெடக்குதுடா. அவசரமா? பங்குனியில வெளிய வந்து குஞ்சு பொரிக்கும். அடுத்த வருசத்துக்கு வேணாமா?”

முனிவேல் பீடியைத் தேய்த்து அணைத்தான். “அண்ணா, திங்கக்கெழம முறைய எனக்குக் குடேன். சாமல்பட்டி சம்பந்தி வர்றாங்க. அந்தம்மாவுக்கு வெரால் கொழம்பு வெக்கலன்னா நாக்கால நம்மள நாலு ஊருக்கு இழுத்துட்டுப் போவும்.”

“நாளைக்கு உன் முறைதான? புடிச்சுப் பானையில போட்டு வெச்சா உசுரோட கெடக்கும்.”

“நாளைக்குக் கிருஷ்ணகிரிக்குப் போறேன். ஒரு வேல. பதிலுக்கு வியாழக்கெழம நீ எடுத்துக்க.”

இரவல் முறை புதிது இல்லை. பயிர் வாடினால், விருந்து வந்தால், சாவு விழுந்தால் முறையை இரவல் கேட்பார்கள். அதற்குச் சாட்சி வைப்பது கிடையாது. பங்காளிக்குள் சாட்சி கேட்டால் அசிங்கம். ஒரே ஒரு பேச்சுதான் உண்டு: இரவல் முறையில் இறைத்தது கடைசிச் சால்வரை வாங்கினவனுடையது. தண்ணீர் அவனுக்கு. கயிறு அறுந்தாலும் மாடு படுத்தாலும் அதுவும் அவனுக்கே. கொடுத்தவன் அன்றைக்குக் கிணற்றுப் பக்கம் தலைகாட்ட மாட்டான்.

“எடுத்துக்கடா” என்றான் ராஜப்பன். அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வயல் இல்லை, வரப்பு இல்லை, ஆனாலும் ஒருவன் வந்து முறையைக் கேட்கிறான். கேட்கிறான் என்றால் முறை இருக்கிறது என்றுதானே.

திங்கட்கிழமை காலை பூவம்மாள் களிக்கு உலை வைத்துக்கொண்டிருந்தாள். தரை ஒரு முறை அடிவயிற்றில் குத்தியதுபோல் அதிர்ந்தது. சட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சத்தம் பிறகு வந்தது, ஈரச் சாக்கைப் பாறையில் அடித்த மாதிரி.

“மறுபடியும் கல்லு ஒடைக்கறாங்களா?” என்றாள்.

“கல்லு ஒடச்சு முடிஞ்சு ரெண்டு வருசமாவுது” என்று சொல்லிக்கொண்டே எழுந்தவன், துண்டை எடுக்காமல் கரைக்கு ஓடினான்.

பரிசல் கரையில் மல்லாந்து கிடந்தது. உள்ளே செதிலும் ரத்தமும் கலங்கிய தண்ணீரும். துடுப்பு எங்கோ எறிந்து கிடந்தது. பக்கத்தில் சிங்கராயர் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கைகழுவிக்கொண்டிருந்தார். அணை வேலையில் பாறைக்கு வேட்டு வைத்தவர் அவர். இடது கையில் இரண்டு விரல் அந்த வேலையில் போனது. வேலை முடிந்து எல்லாரும் போன பிறகும், அடுத்த இடத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று மேட்டில் ஒரு குடிசையில் தங்கியிருந்தார்.

“வாங்க ராஜப்பண்ணே” என்றார். “உங்க தம்பி இப்பத்தான் கூடையத் தூக்கிட்டு பஸ்ஸுக்குப் போறாரு. ரெண்டு கூடை. மெதந்தது அவ்வளவுதான். முக்காவாசி அடியில போயிடுச்சு.”

“எங்க வெச்சீங்க?”

“கெணத்துலதான். கல்லுல கயிறக் கட்டி எறக்குனோம்.” ராஜப்பனின் முகத்தைப் பார்த்ததும் அவர் கையை உதறுவதை நிறுத்தினார். “ரெண்டு பேருக்கும் சம்மதம்னுதான சொன்னாரு? உங்க முறைய உங்ககிட்டயே கேட்டு வாங்கிட்டேன்னாரே?”

“கேட்டான். குடுத்தேன்.”

“அப்பறம் என்னங்க?”

ராஜப்பன் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“எப்படியும் போறதுதான” என்றார் சிங்கராயர் சமாதானமாக. “தை மொத தேதியிலேருந்து மீன் குத்தகைக்குப் போவுது. சேலத்துக்காரர் எடுத்துட்டாரு. அப்பறம் நீங்க யாரும் பரிசல் எறக்க முடியாது. உங்களுக்குத் தெரியாதா? சனிக்கெழம கிருஷ்ணகிரியில காவலுக்குக்கூட ஆள் பேசிட்டாங்களே.”

“யார?”

சிங்கராயர் விரல் இல்லாத கையைப் பார்த்துக்கொண்டார். “மாதா சாட்சியா உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். உங்க தம்பியத்தான்.”

மத்தியானம் முனிவேல் திரும்பி வந்தான். வெறுங்கூடைகளைக் குடிசை வாசலில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ராஜப்பன் நின்றிருந்தான்.

“சம்பந்தி எங்கடா?”

“வரலண்ணா. ஏதோ ஒடம்புக்கு முடியலயாம்.”

“வர்றதா இருந்தாங்களா?”

முனிவேல் கூடையைக் காலால் நகர்த்தினான். “எவனோ சேலத்துக்காரன் வலையப் போட்டு வாரிட்டுப் போவப் போறான். அவன் தின்றதுக்கு நாம தின்னா என்னா?”

“நாமன்னா யாரு?”

“உனக்கு நாலு எடுத்து வெச்சிருக்கறேன். உள்ள இருக்குது. எடுத்துட்டுப் போ.”

“தை மாசம் குத்தகைன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா? வேட்டு வெக்க வுட்டுருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல.” முனிவேலுக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது. “முறையில வாங்குனது. எங்க அப்பன் காலத்துல தரை தெரியற மட்டும் எறைக்கல? உங்க அப்பன் கேட்டாரா? மறுநா காலையில தண்ணி வந்துடும்னு போயிட்டே இருந்தாங்க.”

“அது தண்ணிடா. ஊறும்.”

முனிவேல் ஒரு கூடையை இன்னொன்றுக்குள் செருகினான்.

“சரி. உன் முறை செவ்வா இருக்குது, வியாழன் இருக்குது. அன்னைக்கு வெச்சிருக்கலாமே. என்னாத்துக்கு என் முறையக் கேட்ட?”

“உள்ள வேல இருக்குது” என்று சொல்லி முனிவேல் குனிந்து குடிசைக்குள் போய்விட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் செவ்வாய்க்கிழமை சைக்கிளில் வந்தது. மதகுக் காவல் பார்க்கும் அணை லஸ்கர் கோவிந்தன் காக்கிக் கோட்டுக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு, நேராக ராஜப்பன் வாசலில் இறங்கினார்.

“ராஜப்பா, நேத்து வேட்டுச் சத்தம் மதகு வரைக்கும் கேட்டுது. மேல இருந்து கேக்கறாங்க. பரிசல்ல இன்னும் செதில் ஒட்டிட்டுக் கெடக்குது. என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கற?”

“நான் வெக்கலைங்க.”

“நேத்து திங்கக்கெழம. உன் முறை. ஊர்ல நாலு பேரக் கேட்டேன், நாலு பேரும் அதத்தான் சொல்றாங்க.”

“இரவல் குடுத்திருந்தேங்க. முனிவேலுக்கு.”

கோவிந்தன் முனிவேலைக் கூப்பிட்டார். முனிவேல் வந்தான். தலை வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தான். ராஜப்பன் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. ஒற்றைப் பனையைப் பார்ப்பதுபோல் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்: “திங்கக்கெழம அண்ணன் முறைங்க. எனக்கு செவ்வா, வியாழன், சனி. யார வேணாலும் கேட்டுக்கங்க.”

“சிங்கராயரக் கேளுங்க!” என்று உள்ளேயிருந்து பூவம்மாள் கத்திக்கொண்டு வந்தாள். “வேட்டு வெச்ச ஆளு அவருதான!”

சிங்கராயர் விடிவதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூர் லாரியில் ஏறிவிட்டிருந்தார்.

“இரவல் குடுத்ததுக்கு யாரு சாட்சி?” என்று கேட்டார் கோவிந்தன்.

ராஜப்பன் முனிவேலைப் பார்த்தான். முனிவேலின் கழுத்தில் நரம்பு ஒன்று துடித்தது. ஆனால் தலை திரும்பவில்லை. சின்ன வயதில் இதே கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு கிணற்றில் குதித்தவன் ராஜப்பன். இப்போது அதைப் பிடித்து முறிக்கலாம் என்று தோன்றியது. முறித்தால் அதற்கு மட்டும் சாட்சி இருக்கும்.

“சாட்சி இல்லைங்க” என்றான்.

கோவிந்தன் ஒரு சிட்டையில் பெயரை எழுதிக்கொண்டார். “நாளைக்குச் சாயங்காலம் பரிசலக் கொண்டாந்து காவல் கொட்டாயில ஒப்படச்சுடு. அதுக்கப்பறம் நீ தண்ணியில கால் வெச்சேன்னு தெரிஞ்சா சும்மா விட மாட்டாங்க. நான் சொல்லிட்டேன்.”

“காவல் கொட்டாயில யாருகிட்டங்க?”

கோவிந்தன் சங்கடத்தோடு முனிவேல் பக்கம் தலையை அசைத்துவிட்டு சைக்கிளில் ஏறினார்.

புதன்கிழமை. ராஜப்பனின் கடைசி முறை. பனி இல்லை, குளிர் மட்டும் இருந்தது. கிணற்றைத் தேடி அலைய வேண்டிய அவசியம் இல்லாதபடி பனையும் வெடிப்பும் பளிச்சென்று தெரிந்தன. எண்பது துடுப்பு போட்டான். சுருக்கை இறக்கி அளைந்தான். ஒன்றும் மாட்டவில்லை. கோடு சரியாக இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தான். சரியாகவே இருந்தது. துடுப்பைத் தலைகீழாகப் பிடித்து, தோள்வரை கையைத் தண்ணீரில் விட்டுத் தேடினான். கல் இல்லை. இரண்டு கல்லும் விழுந்துவிட்டன. சுவரும் சரிந்திருக்க வேண்டும். கீழேயிருந்து இன்னும் செம்மண் கலங்கி மேலே வந்துகொண்டிருந்தது. மாட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் பரிசல் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

அப்போதுதான் முதல் மீன் மேலே வந்தது. வயிறு வெள்ளையாக, ஊதி, வாய் பிளந்து. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அடியில் போன மீன் உப்பிக்கொண்டு மேலே வரும் என்பது தெரிந்ததுதான். வெயில் காலமாக இருந்தால் மறுநாளே வந்திருக்கும். குளிரில் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தன. முட்டை வயிற்றோடு இருந்தவை, விரல் நீளக் குஞ்சுகள், வெள்ளிக்கிழமை மூச்சுக்கு வந்து போனது போன்ற முழங்கை நீளக் கிழங்கள். தொட்டால் முதுகு எலும்பு முறிந்து துணிபோல் மடங்கியது.

அவனிடம் மீன் வாங்கி விற்கும் கெம்பம்மா ஓசூர்ச் சந்தைக்கு உயிர் விரால்தான் கேட்பாள். இதை நாய்கூடக் கேட்காது.

ராஜப்பன் கொஞ்ச நேரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசலில் போட ஆரம்பித்தான். குஞ்சைக்கூட விடவில்லை. பரிசல் கனத்து, விளிம்புக்கு நாலு விரல் கீழே தண்ணீர் நின்றபோது கரைக்குத் திரும்பினான். நாற்றத்துக்குத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டான்.

பூவம்மாள் கரைக்கு வந்து பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். “கருமம்! இத என்னாத்துக்கு எடுத்தாந்தீங்க? குழி தோண்டிப் பொதைக்கவா?”

“கூடைய எடுத்தா.”

ஐந்து நடை நடந்தார்கள், இரண்டு பேரும். பட்டப்பகல். வேலைக்குப் போகாதவர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ராஜப்பன் ஒவ்வொரு கூடையாக முனிவேலின் வாசலில் கொட்டினான். கோலம் மறைந்தது. கடைசிக் கூடையைக் கொட்டும்போது முனிவேல் வெளியே வந்தான்.

“என்னாண்ணா இது? பைத்தியமா உனக்கு?”

“திங்கக்கெழம மீனு.”

“இன்னைக்குப் புதன். உன் முறையில மெதந்தது. உன்னுது.”

“இரவல் முறையில எறச்சது எது வரைக்கும்டா வாங்குனவனுது?”

எதிர்க் குடிசை மாரம்மா புகையிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: “கடேசிச் சால் வரைக்கும். இதுகூடவா மறந்து போச்சு?”

யாரும் சிரிக்கவில்லை. தண்ணீருக்குச் சண்டை போட்டே வளர்ந்தவர்கள். அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை யாருடைய கையில் இருந்தது என்பது வாசலில் குவிந்து கிடந்தது. முனிவேல் அதை அள்ளினால் வாங்கினேன் என்று ஆகிவிடும். அள்ளாவிட்டால் நாறிக்கொண்டே கிடக்கும். அவன் கூடையைத் தேடுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான்.

சாயங்காலம் கோவிந்தன் வந்தார். அந்தத் தெருவைத் தாண்டும்போது சைக்கிளை விட்டு இறங்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, குவியலையும் சாத்திய கதவையும் பார்த்தார். மாரம்மாவிடம் ஏதோ கேட்டார். அவள் சொன்னாள். தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் சிட்டையில் எழுதின பெயரை அவர் அடிக்கவில்லை. எழுதினது மேலே போய்விட்டதாம்.

ராஜப்பன் பரிசலைத் தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவினான். தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டுபோய்க் காவல் கொட்டாய்க்கு முன்னால் இறக்கினான். வழக்கம்போல் கை விளிம்பைப் பிடித்துக் கவிழ்க்கப் போயிற்று. நிறுத்திக்கொண்டான். மல்லாத்திப் போட்டு, துடுப்பை உள்ளே எறிந்துவிட்டு நடந்தான். கவிழ்த்து வைத்தால் அடுத்த முறை முனிவேலுக்கு என்று ஆகிவிடும்.